'ஓவியம் – 1' என்று பில் போடாதே: தனியாகத் தொழிலில் இறங்கிய தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறது, மூச்சுவிட நேரமில்லாமல் வரைகிறேன், ஆனாலும் கையில் காசு நிற்கவில்லை என்றாய். ஆறு ஓவியம் கேட்ட கிளையன்ட் நாலாவது முறையாகத் திருத்தம் அனுப்பியிருக்கிறார் என்றாய். கூடுதல் பணம் கேட்கலாமே என்றதும், "கேட்டா மனசு கோணிடுமோன்னு பயமா இருக்குக்கா" என்றாய். அந்தப் பயத்துக்குத்தான் இந்தக் கடிதம். இதே கேள்வியோடு வேறு சிலரும் என்னிடம் வருவதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஆனால் நினைப்பில் நீதான் இருக்கிறாய்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. தனியாக வந்த இரண்டாவது வருஷம் ஒரு நிறுவனத்துக்குக் காலண்டர் படம் வரைந்து கொடுத்தேன். மழையில் நனைகிற ஒற்றை மரம், அடியில் ஒரு சிறுமி. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது. பேச்செல்லாம் போனில்தான். பணமும் சொன்ன தேதிக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் தோளில் தொங்கிய துணிப்பையில் அதே மரம். பிறகு தேடிப் பார்த்தால் நோட்டுப் புத்தக அட்டையில், பரிசுப் பொருள் பெட்டியில், எங்கும் அதே சிறுமி. போன் செய்து கேட்டபோது அவர்கள் சண்டைக்கு வரவில்லை. "நாங்க முழுசா வாங்கிட்டதாத்தானே நினைச்சோம்" என்றார்கள். பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஒரே வரி: 'ஓவியம் – 1'. கீழே தொகை. அவ்வளவுதான்.

உரிமை கைமாறுவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்றுதான் பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் நியாயம் என் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் எதற்கு, எவ்வளவு காலத்துக்குக் கொடுத்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மூன்று வாரம் ஒவ்வொரு இலையாக வரைந்தவள், அந்த ஒரு வரியை எழுத அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து என் பில்லில் வரும் வாசகம் இது: 'இந்த ஓவியத்தை 1 ஆண்டுக்கு, காலண்டரில் மட்டும், அச்சில் மட்டும் பயன்படுத்தத் தரும் அனுமதிக்கான கட்டணம். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வேறு பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம்.' இதை அப்படியே எடுத்துக்கொள். காலண்டர் என்கிற இடத்தில் உன் வேலைக்கு எது பொருந்துமோ அதைப் போடு. இந்த மூன்று வாக்கியம் வந்த பிறகு என் வருமானமே மாறியது. ஒரே படம் மூன்று தடவை, நாலு தடவை பணம் கொண்டுவந்தது. புதிதாக ஒரு கோடும் இழுக்காமல்.

படைப்பைச் செய்து முடித்த கணமே உரிமை பொதுவாக உன்னுடையது. ஆனால் இந்தியச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர்; அதனால் உரிமை உன்னிடமே இருக்கும் என்று முன்பே எழுதி வாங்கிவிடு. பதிப்புரிமைக்காக 1886-ல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்கு எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. உலகின் பெரும்பாலான நாடுகள் இன்று அதில் உண்டு. இன்னோர் எச்சரிக்கை. சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது நீ வரைந்தவை பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். அவற்றைப் போர்ட்ஃபோலியோவில் போடுவதற்கு முன் பழைய மேலதிகாரியிடம் ஒரு ஈமெயிலில் அனுமதி வாங்கிவிடு. வாயால் சொன்னது போதாது.

இப்போது பயத்துக்கு வருகிறேன். பணம் பேசினால் கலைஞனுக்கு இழுக்கு என்று உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் கடிதங்களைப் படித்தபோதுதான் எனக்கு அந்தக் கூச்சம் போனது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய மனுஷன், ஓவிய வரலாற்றில் அவருக்கு இருக்கிற இடம் உனக்கே தெரியும். ஃபிராங்க்ஃபர்ட்டில் யாக்கோப் ஹெல்லர் என்றொரு வணிகர், தேவாலயத்தில் வைக்கப் பெரிய பீட ஓவியம் ஒன்று கேட்டார். 130 ஃபுளோரின் (அந்தக் காலப் பொற்காசு) என்று பேச்சு. நூரெம்பெர்கில் இருந்த டியூரர் ஒப்புக்கொண்டார், வரைய ஆரம்பித்தார். நல்ல சாயம், விலை உயர்ந்த அல்ட்ராமரைன் நீலம், அடுக்கடுக்காக ஐந்தாறு முறை வண்ணம் என்று வேலை இழுத்துக்கொண்டே போனது. 1508-ல் கடிதம் எழுதுகிறார்: பேசிய தொகை கட்டாது, 200 வேண்டும். ஹெல்லருக்குக் கோபம். கடிதங்கள் போகின்றன, வருகின்றன. கடைசியில் 200 கிடைத்தது. ஆனால் 1509-ல் டியூரர் எழுதியதைப் பார்: இனி செதுக்கு வேலையோடு நிற்கப் போகிறேன், முன்பே அப்படி நின்றிருந்தால் இன்று 1000 ஃபுளோரின் கூடுதல் பணக்காரனாக இருந்திருப்பேன் என்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. அவர் செய்த தப்பும் நீ செய்கிற தப்பும் ஒன்றுதான். விலையைப் பேசினார், எல்லையைப் பேசவில்லை. எத்தனை அடுக்கு வண்ணம், எந்தச் சாயம், எப்போது முடியும் என்று எதற்கும் வரம்பில்லை. வேலை வளர்ந்தது, தொகை நின்ற இடத்தில் நின்றது. ஆறு ஓவியத்துக்கு இவ்வளவு என்று நீயும் சொல்லியிருக்கிறாய். எத்தனை முறை திருத்தம் என்று சொல்லவில்லை.

அவர் கண்டுகொண்ட விடையையும் பார். செதுக்கு வேலை என்றால் ஒரு முறை தகட்டிலோ மரத்திலோ செதுக்கினால் நூற்றுக்கணக்கில் அச்செடுக்கலாம். அவர் மனைவி ஆக்னஸ் அந்த அச்சுகளை ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். கலை வரலாற்றில் ஆக்னஸைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அந்தப் படைப்புகள் ஐரோப்பா முழுக்கப் போனதில் அவர் சுமந்த மூட்டைக்கும் பங்கு உண்டு. ஹெல்லரின் பீட ஓவியத்தின் நடுப்பலகை 1729-ல் மியூனிக் அரண்மனைத் தீயில் எரிந்துபோனது. அச்சுப் படங்கள் இன்றும் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

உரிமைக்காகவும் அந்த மனுஷன் விடாமல் நின்றார். மார்க்கான்டோனியோ ராய்மோண்டி என்ற இத்தாலியச் செதுக்கு ஓவியர் டியூரரின் படங்களை, அவர் தன் பெயரின் முதலெழுத்துகளால் போடும் ஏ-டி முத்திரையோடு சேர்த்தே நகல் எடுத்தார். டியூரர் வெனிஸுக்கே போய் முறையிட்டார் என்றும், முத்திரையைப் போடக் கூடாது என்ற தடை மட்டும் வாங்க முடிந்தது என்றும் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய இத்தாலியர் வசாரி எழுதி வைத்திருக்கிறார். 1511-ல் தன் அச்சுத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில், பேரரசரின் ஆணை இருக்கிறது, திருடாதே என்று கடுமையாக ஓர் எச்சரிக்கையே அச்சிட்டார் டியூரர். காசு கேட்டதாலும் முத்திரைக்காகச் சண்டை போட்டதாலும் அவர் கோடு எந்த விதத்திலும் மெலிந்துவிடவில்லை.

ஆகவே நீயும் இரண்டு கையாலும் சம்பாதிக்கப் பார். ஒரு கை, கேட்பவர்களுக்குச் செய்து கொடுப்பது. இன்னொரு கை, ஒரு முறை செய்து பல முறை விற்பது: அச்சுப் பிரதி, லைசென்ஸ், எழுத்துரு, பயிற்சி வகுப்பு, உனக்கு எது ஒத்துவருமோ அது. முதல் வருஷம் இரண்டாவது கை சும்மாதான் தொங்கும். மூன்றாவது வருஷத்தில்தான் எனக்கு வாடகைக்குத் தேறியது. அதற்காக வாரத்தில் ஒரு நாளையாவது யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்.

நீ கட்டணம் போடுகிற விதத்தையும் பேசியாக வேண்டும். வாங்கிய சம்பளத்தை நாள் கணக்கில் வகுத்து அதையே கேட்கிறாய், இல்லையா? கணக்கைப் போட்டுப் பார். வருஷத்துக்கு 365 நாள். வார விடுமுறை 104 போனால் 261. பண்டிகை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று 25 கழித்தால் 236. இந்த 236 நாளும் நீ வரைய மாட்டாய். கொட்டேஷன் எழுதுவது, கிளையன்ட்டோடு பேசுவது, பாக்கியைக் கேட்டு அலைவது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது, வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் அதற்குள்தான். என் அனுபவத்தில் காசாகும் நாள் பாதி, அதாவது 118. ஆக, சம்பள நாளில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கேட்டால்தான் பழைய நிலையிலேயே நிற்பாய். அதன்மேல் கம்ப்யூட்டர், மென்பொருள், வரி, மருத்துவச் செலவு, அலுவலகம் உனக்காகக் கட்டி வந்த சேமநிதி எல்லாம் ஏறும். இரண்டரை மடங்குக்குக் கீழே ஒருவர் கேட்கிறார் என்றால் அவர் தன் சேமிப்பிலிருந்து கிளையன்ட்டுக்குப் பணம் கொடுக்கிறார் என்று அர்த்தம். நீ நாலு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய்.

இந்தத் தொகை உனக்கான அடிமட்டம். கிளையன்ட்டிடம் நாள் கணக்கில் பேசாதே. கை பழகப் பழக நீ வேகமாக முடிப்பாய், திறமை கூடக் கூட வருமானம் குறையும்படி யாராவது தொழில் செய்வார்களா? வேலைக்கு மொத்தமாக ஒரு விலை சொல், அது எங்கே, எவ்வளவு காலம், எத்தனை பேர் கண்ணில் படப்போகிறது என்பதைப் பார்த்துச் சொல். ஒரு சிறு பத்திரிகையின் உள்பக்கத்துக்கும் நாடு முழுக்கப் போகும் பெட்டிக்கும் ஒரே விலை ஆகாது.

ஒப்பந்தம் என்றதும் வக்கீல் பாஷையை நினைத்துப் பயப்படாதே. ஒரு பக்க ஈமெயில் போதும், எதிர்ப்பக்கம் 'சம்மதம்' என்று பதில் போட்டால் ஆரம்பத்துக்கு அது நல்ல பிடிமானம். பெரிய தொகையென்றால் மட்டும் வக்கீலைப் பார். வேலை தொடங்கும் முன் பாதித் தொகை. இரண்டு முறை திருத்தம் விலையில் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். திருத்தங்களை அவர்கள் பக்கம் ஒரே ஒருவர் தொகுத்து அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்; ஆளுக்கொரு கருத்து வந்தால் அது திருத்தமே இல்லை, அவர்கள் வீட்டுச் சண்டை. பாதியில் அவர்கள் நிறுத்தினால் செய்த வரைக்கும் பணம். முழுத்தொகை வந்த பிறகே அச்சுக்கான ஃபைல். லேயரோடு கூடிய, அவர்களே மாற்றிக்கொள்ளக்கூடிய மூல ஃபைலைக் கேட்டால் அதற்கு வேறு விலை.

இலவசமாகச் செய்யவே கூடாதா என்று கேட்டாய். செய்யலாம், ஆனால் நீ தேர்ந்தெடுத்துச் செய். மனசுக்குப் பிடித்த ஒரு நல்ல காரியத்துக்கு நானும் வருஷத்துக்கு ஒன்று செய்கிறேன். அப்போதும் முழுத்தொகையைப் போட்டு, கீழே '100 சதவீதம் தள்ளுபடி' என்று எழுதி, கட்ட வேண்டியது பூஜ்யம் என்று பில் அனுப்புவேன். அதைப் பெற்றவர்கள் அடுத்த முறை வரும்போது என்ன விலை என்று தெரிந்தே வருகிறார்கள். 'நாலு பேர் பார்ப்பாங்க, உங்களுக்கு விளம்பரம்' என்று சொல்லிக் கேட்பவர்களுக்கு மட்டும் ஒருபோதும் செய்யாதே.

இன்னொன்று. உன் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளையன்ட்டிடமிருந்து வருகிறது என்றாய். அவர் உனக்கு முதலாளி, ஆனால் நோட்டீஸ் காலம் இல்லாத முதலாளி. அடுத்த மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு பேரைப் பிடி. பழைய சக ஊழியர்களுக்கு எழுது. எனக்கு வந்த நல்ல வேலைகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான்.

சரி, அந்த நாலாவது திருத்தம். இன்று காலையே இதை அனுப்பு:

'திருத்தங்கள் கிடைத்தன, நன்றி. முதல் மூன்று சுற்றுகளையும் பேசிய தொகைக்குள்ளேயே முடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தச் சுற்றில் இரண்டு ஓவியங்களின் காட்சியே மாறுவதால் இது புதிய வேலையாகிறது. இதற்கான கூடுதல் தொகையைக் கீழே குறித்திருக்கிறேன். நீங்கள் சரி என்றதும் தொடங்குகிறேன், ஐந்து வேலை நாளில் தருவேன். இப்போதுள்ள வடிவமே போதும் என்றால் மீதித்தொகை வந்ததும் இறுதி ஃபைல்களை அனுப்பிவிடுகிறேன்.'

'தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று எங்கேயும் சேர்க்காதே. மன்னிப்பும் கேட்காதே. தொகையை எண்ணில் போடு, 'கொஞ்சம் கூடுதலாக' என்று எழுதிவிடாதே. அனுப்பிவிட்டு மெயில்பாக்ஸையே பார்த்துக்கொண்டு உட்காராமல், பாதியில் விட்ட அந்தப் பறவைத் தொடரை எடுத்து வை. மூன்றாவது படத்தில் இறக்கை விரிகிற இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை முடித்து அச்சுப் பிரதி போட்டால் முதல் பிரதி எனக்கு. காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.

பதில் வந்ததும் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அக்கா