கருப்பணசாமி கோயில் குடமுழுக்கு: நன்கொடையும் வரிப் பாக்கியும் வேண்டி

கருப்பணசாமி துணை.

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் பங்காளிகளே, மாமன் மச்சான்களே, வாக்கப்பட்டுப் போன பெண்மக்களே!

ஆவணியில் குடமுழுக்கு. பாலாலயம் முடிந்து சாமியை அத்திப் பலகையில் இறக்கி வைத்துவிட்டோம். விமானத்தைச் சுற்றிச் சாரமும் கட்டியாயிற்று. இனிப் பின்வாங்க வழியில்லை. ஆடி 18-க்குள் பணம் சேராவிட்டால் சுதை வேலைக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன் அவர்களை மறுபடி பிடிக்க முடியாது.

நம் கோயில் நேற்று முளைத்ததல்ல. அழகர்மலைப் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் உத்தரவு கேட்டு, பிடிமண் எடுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கண்மாய்க் கரையில் பீடம் போட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அழகர்மலையில் அவனுக்குச் சிலை கிடையாது. சந்தனம் சாத்திய கதவே சாமி. அந்தக் கதவின் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் இந்தச் சீமையில் ஆளில்லை. 1895-ல் பெரியாறு அணை திறந்து, மேலூர்ப் பக்கம் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த பிறகு, வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் அளந்து கல் கட்டடம் எழுப்பினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் யாரும் இப்படி நோட்டீஸ் அடித்துக் கேட்கவில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய குடமுழுக்கு, நம் காலத்தில் 19 ஆண்டாகத் தள்ளிப்போய்விட்டது. கோயில் குதிரைச் சிலையின் கழுத்தில் அரசங்கன்று முளைத்து வேர்விட்டதைப் பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் கும்பிட்டுப் போனோம்.

கீழத்தெருவில் வாடகைக்கு இருக்கும் கொத்தனார் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். மூத்த மகனை விபத்தில் பறிகொடுத்து, வட்டிக்கு வீட்டைத் தோற்று, ஒரு கட்டிலும் இரண்டு டிரங்குப் பெட்டியுமாக இங்கே வந்து இறங்கியவர்கள். கொத்தனார் குடித்துவிட்டுக் குதிரையின் காலடியில் கிடந்தபோது சுற்றிக்கொண்டு போனவர்கள்தான் நாம். பூசாரி ஒருவர்தான் எழுப்பி உட்காரவைத்து, திருநீறு பூசி, "காலையில் குளித்துவிட்டு வா" என்றார். உடனே வரவில்லை. ஓர் அமாவாசையன்று ஈர வேட்டியோடு வந்தார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அதன்பின் அவர் குடித்து யாரும் பார்க்கவில்லை. மகன் போனதும் சாமி படங்களையெல்லாம் கழற்றிப் பரணில் போட்டவர் அவர் மனைவி. இப்போது அவர் கட்டும் மல்லிகையில் வெள்ளிக்கிழமை முதல் முழம் கருப்பனுக்கு. "இந்தச் சாமியிடம் சண்டை போடலாம், கேட்டுக்கொள்கிறது" என்று பூசாரியின் வீட்டில் அந்த அம்மாள் சொன்னாராம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

வந்த குடி என்பதால், தலைக்கட்டு என்று குடும்பத்துக்கு ஒன்றாகப் போடும் கோயில் வரி அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் சித்திரையில் நடந்த கூட்டத்துக்கு அந்த அம்மாள் வந்து, மஞ்சள் பையைத் தாம்பாளத்தில் கவிழ்த்தார். பூ ஈரம் பட்டு ஒட்டிக்கிடந்த பத்தும் இருபதுமான நோட்டுகள். பிரித்து எண்ணவே நேரமானது. சரியாக 5,000 ரூபாய். "எங்களையும் ஒரு தலைக்கட்டாக எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். வாங்கினால் நாளைக்கு மரியாதை கேட்பார்களே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. (முணுமுணுத்தவர்களில் சிலர் தங்கள் வரியை இன்னும் கட்டவில்லை.) ஊர் கூடி, 213-ஆவது தலைக்கட்டாக எழுதியாயிற்று.

இனிக் கணக்கு. விமானச் சுதையும் வண்ணமும் 6,20,000. குதிரைகள் இரண்டுக்கும் 1,40,000. ஒழுகும் மண்டபத்துக்கு 3,75,000. யாகசாலை, அஷ்டபந்தன மருந்து, சிவாச்சாரியார் தட்சிணை எல்லாம் சேர்த்து 2,60,000. அன்னதானம் 2,25,000. மொத்தம் 16,20,000 ரூபாய். தலைக்கட்டுக்கு 5,000 வீதம் 151 பேர் கட்டியதில் 7,55,000, நன்கொடையில் 4,80,000 வந்திருக்கிறது. துண்டு விழுவது 3,85,000. மீதி 62 தலைக்கட்டும் கட்டிவிட்டால்கூட 75,000 இடிக்கும். அதற்குத்தான் நன்கொடை கேட்கிறோம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கேட்பதற்கு முன்பே சம்பளத்தில் பிடித்து அனுப்பிய துபாய், சிங்கப்பூர்ப் பிள்ளைகள், வரி இல்லாதபோதும் பிறந்த ஊர்ப் பாசத்தில் சேர்ந்து பணம் திரட்டிக் கொடுத்த பெண்மக்கள், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள், சிமென்ட் மூட்டைகளை இறக்கிவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர், முதியோர் உதவித்தொகையைச் சேர்த்துவைத்துக் கொடுத்த மேலத்தெருப் பாட்டி, ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கெழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர், இவர்கள் குலம் தழைக்கக் கருப்பன் காவல் நிற்பான்.

பாக்கி வைத்திருப்பவர்களிடம் கடிந்து பேச எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் காதுகுத்துக்கு ஊர் எல்லைவரை பிளெக்ஸ் வைத்த வீடுகளும் அந்த 62-க்குள் இருக்கின்றன. வரி கட்டிய தலைக்கட்டுகளின் பெயர்கள் மண்டபச் சுவரில் கல்லில் வெட்டப்படும். உங்கள் பேரப்பிள்ளைகள் நம் தாத்தா பெயர் எங்கே என்று தேடும்படி வைக்காதீர்கள். உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர்கள் எங்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறோம், விஷயம் வெளியே போகாது.

பணத்தைத் தினமும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை கோயில் மண்டபத்தில் கட்டலாம். வெளியூரில் இருப்பவர்கள் உள்ளூர்ச் சொந்தக்காரர் மூலம் கொடுத்தனுப்பலாம். குழுவின் முத்திரை இல்லாத ரசீதுக்கு யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்