ஒத்திகைக்கு ஓர் அறை கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஐந்து பேர் சேர்ந்து நாடகக் குழு தொடங்கினோம். மொட்டை மாடியில்தான் ஒத்திகை. மேடையின் அளவைத் தரையில் சாக்பீஸால் வரைவோம். மழை பெய்தால் அழிந்துவிடும், மறுநாள் திரும்ப அளப்போம்.

உடை தைத்துத் தர வந்த ஓர் அக்கா, சும்மா இருப்பானேன் என்று வசனப் பிரதியை வாங்கி, மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தார். ஒருநாள் தாய் வேடக்காரர் வரவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே எழுந்து நின்று, காட்சி முழுவதையும் பிரதி பார்க்காமல் பேசி முடித்தார். இன்று எங்கள் குழுவில் இருபத்துமூன்று பேர். பாதிப் பேர் இப்படி வேறு வேலையாக வந்து நடிகரானவர்கள்தான்.

பெரிய மேடை இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1970களில் மேடையையே விட்டு இறங்கி, பார்வையாளர் நடுவில் வெறும் தரையில் நாடகம் போட்டவர். திரையும் ஒளியமைப்பும் அப்புறம் வரட்டும். ஆனால் வாரம் மூன்று மாலை, ஒரே இடம், ஒரே நேரம் இல்லாவிட்டால் குழு கலைந்துவிடும். எங்களுக்கு அறை தந்த ஒருவர் முன்னறிவிப்பின்றிப் பூட்டியதும் இரண்டே மாதத்தில் எட்டுப் பேரை இழந்தோம்.

பள்ளிகளிலும் நூலகங்களிலும் மாலையில் பல அறைகள் சும்மா கிடக்கின்றன. ஒன்றின் சாவியைத் தந்தால் போதும். பெருக்கி, விளக்கணைத்து, பூட்டிவிட்டே போவோம்.

இப்படிக்கு,
ஒரு நாடகக் குழு உறுப்பினர்