செயலாளரின் ஆண்டறிக்கை: மனநல உதவிப் பணி

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. நூலகமும் மரக்கன்றுப் பராமரிப்பும் வழக்கம்போல் நடந்தன. இந்த அறிக்கையில் மனநல உதவிப் பணியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் 'மனநல ஆலோசனை முகாம்' என்று பெரிய பேனர் கட்டினோம். மருத்துவர் நேரத்துக்கு வந்துவிட்டார். உள்ளே வர ஒருவரும் இல்லை. ஊராருக்கு அக்கறை இல்லை என்று அன்று பேசிக்கொண்டோம். அது தவறு. அப்புறம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது. சிற்றூரில் யார் வண்டி எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாசலில் ஒருமுறை நின்றாலே குடும்பத்தையே சேர்த்துப் பேசுவார்கள் என்று பயந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை பேனர் கட்டவில்லை. பிரஷர், சர்க்கரை பார்க்கும் நாளோடு சேர்த்து நடத்தினோம். வந்தார்கள். மனச்சோர்வு என்று யாரும் சொல்லவில்லை. "தூக்கம் பிடிக்கலை", "நெஞ்சு படபடங்குது", "எதிலயும் மனசு ஓடலை" என்றார்கள். மனச்சோர்வு உடம்பு வழியாகத்தான் பலருக்கு முதலில் தெரியவரும். ஜிம்பாப்வேயில் 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நோயின் பெயர் எதுவும் சொல்வதில்லை. 'குஃபுங்கிசிசா', அதாவது ஓயாத யோசனை என்று தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள். நம் தொண்டர்களும் இனி அப்படித்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து.

வந்தவர்களில் சிலர் மாத்திரையைப் பத்தே நாளில் நிறுத்திவிட்டார்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். இதை முதல் நாளே சொல்லத் தவறியது நம் குறை. சற்று தேறியதும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும் கூடாது.

இன்னொன்று. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கத் தொண்டர்கள் தயங்கினார்கள், கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று. அப்படி வராது. பல ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். கேட்டபோது ஒருவர் வெகுநேரம் அழுதார். அன்றே அவர் வீட்டார் பூச்சிமருந்தை வேறு இடத்தில் வைத்துப் பூட்டினார்கள். ஒருவர் துணையிருந்து அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவரைப் பற்றி இதற்கு மேல் இங்கே சொல்வது முறையல்ல. ஒருவர் சொன்னது வெளியே போனால் அடுத்தவர் வரவே மாட்டார்.

அறுவடை மாதங்களில் தொண்டர்கள் குறைந்து, இரண்டு அமர்வுகள் நின்றுபோயின. வரும் ஆண்டு அப்படி ஆகாமலிருக்க, பொறுமையாகக் காது கொடுக்கக்கூடிய நான்கு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்