மீனாவுக்கு, சாமான் கப்பலேறும் முன்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு மன்னித்துவிடு. சாக்குச் சொல்ல மனமில்லை. இன்று விடிந்ததும் விடியாததுமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ராணி அக்கா. நேற்று இரவு போனில் பேச்சோடு பேச்சாக, "மீனா வீட்டுச் சாமான் எல்லாம் இந்த மாதக் கடைசியில் கப்பல் ஏறுகிறது. இன்சூரன்ஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்" என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் என்னைவிட உயரமாகிவிட்டான். இவருக்கு முழங்கால் வலி தேவலை. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், சந்தோஷம். மற்றதெல்லாம் அப்புறம்.

"கப்பல் என்ன, மூழ்கவா போகிறது?" என்று கேட்டாயாம். மூழ்க வேண்டியதில்லை, மீனா. எங்கள் சாமானை ஏற்றிவந்த கப்பலும் மூழ்கவில்லை. எங்கள் பெட்டிகளில் ஒன்றுகூட எரியவில்லை, கடலில் விழவில்லை. இருந்தும் பணம் கட்டித்தான் அவற்றை மீட்டோம். அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். மனம் கூசியது; எழுதவில்லை.

எங்களிடம் இருந்தது 6 கன மீட்டர் சாமான். இருபது அடிக் கன்டெய்னர் ஒன்றில் 33 கன மீட்டர் இடம் இருக்கும். முழுக் கன்டெய்னருக்கு வாடகை கொடுப்பானேன் என்று, இன்னும் சில குடும்பங்களின் சாமானோடு ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பினோம்; எல்.சி.எல். முறை என்பார்கள். புறப்பட்ட பன்னிரண்டாம் நாள் கப்பலின் ஒரு பகுதியில் தீப்பிடித்தது. எங்கள் கன்டெய்னர் இருந்தது வேறு பக்கம். தீயை அணைத்து, இழுவைக் கப்பல்களை வரவழைத்து, வழியில் ஒரு துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "உங்கள் சாமான் பத்திரம்" என்று ஏஜென்ட் சொன்னதும் நிம்மதியாகத் தூங்கினோம். ஒரு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மேலே 'ஜெனரல் ஆவரேஜ்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

நம் கணக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த சராசரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கப்பலுக்கு ஆபத்து வரும்போது, எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே ஒரு பகுதியைப் பலி கொடுத்தாலோ செலவு செய்தாலோ, அந்த இழப்பைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்கள் எல்லோரும் அவரவர் பொருளின் மதிப்புக்கு ஏற்பப் பங்கு போட்டு ஏற்க வேண்டும். தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரில் வேறொருவரின் சரக்கு ஊறிப் போயிருந்தால் அதிலும் நமக்குப் பங்கு உண்டு. இழுவைக் கப்பலின் கூலியிலும் உண்டு. நம் சாமான் நன்றாக வந்து சேர்ந்ததே, அதனால்தான் நாம் கொடுக்க வேண்டும் என்பது இதன் நியாயம்.

முதலில் கொதித்துப் போனேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன். இது நேற்று ஒரு கம்பெனி போட்ட விதி இல்லை. பாரத்தைக் குறைக்க ஒருவரின் பொருளைக் கடலில் எறிந்தால், எல்லோருக்காகவும் இழந்ததை எல்லோரும் சேர்ந்து ஈடு செய்ய வேண்டும் என்று பழைய ரோட்ஸ் தீவின் கடல் சட்டம் சொன்னதாக ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. இன்று அதன் கணக்கு வழக்குகளுக்கு யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள் என்று பெயர். கடைசியாக 2016-ல் திருத்தியிருக்கிறார்கள். படித்து முடித்ததும் என் கோபம் பாதி ஆறிவிட்டது. ஒரே கப்பலில் பொருளை ஏற்றிய முன்பின் தெரியாதவர்கள், புயலிலோ தீயிலோ ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் ஆகிறார்கள். அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் பில் ஆஃப் லேடிங் என்ற ரசீதில் பொடி எழுத்தில் இது இருக்கிறது என்று கையெழுத்து வாங்கும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லையே, அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் இருந்தவர்கள் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்காக உத்தரவாதம் கொடுத்தது. அவ்வளவுதான் அவர்கள் வேலை. இன்சூரன்ஸ் இல்லாத நாங்கள், சாமானின் மதிப்பில் கப்பல் தரப்பினர் சொன்ன விகிதத்தை ரொக்கமாக டெபாசிட் கட்டினால்தான் விடுவிப்போம் என்றார்கள். கடைசிக் கணக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்தப் பணம் அங்கேதான். புது இடத்தில், முதல் சம்பளம் வராத மாதத்தில், அதற்கு நாங்கள் எங்கே போவது? இவர் நண்பர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். ஏழு வாரம் ஆகிவிட்டது.

அந்த ஏழு வாரத்தில் நடந்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலர் சாமான் சேர்ந்த கன்டெய்னர் அல்லவா? எல்லோரும் பிணை கொடுத்த பிறகுதான் அதைத் திறப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் ஒரு பெண் போன் செய்தாள். அதே கன்டெய்னரில் சாமான் போட்டவள். ஏஜென்டிடம் கேட்டு எண் வாங்கியிருக்கிறாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்களைக் குறை சொல்லவில்லை, அக்கா. எப்போது கட்டுவீர்கள் என்று தெரிந்தால் போதும். என் குழந்தையின் தொட்டில் அதற்குள் இருக்கிறது" என்றாள். அவள் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாள். முதல் வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டாள். எங்களுக்காகக் காத்திருந்தாள். அன்று இரவு இவர் தூங்கிய பிறகு வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அடுத்த நாள் பணம் கட்டிவிட்டோம்.

எங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதே. 2021 மார்ச் 23-ம் தேதி சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் என்ற கப்பல் உனக்கு நினைவிருக்கும், நாமெல்லாம் செய்தியில் படம் பார்த்தோம். ஆறு நாளில் விடுவித்தார்கள். செய்தியும் அதோடு ஓய்ந்துவிட்டது. ஆனால் இழப்பீட்டுத் தகராறில் அந்தக் கப்பல் எகிப்தை விட்டுக் கிளம்பியது ஜூலை 7-ம் தேதி. அதற்குள் இருந்த சுமார் 18,000 கன்டெய்னர்களும் கூடவே நின்றன. அதற்கும் கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அதில் எத்தனை வீட்டுச் சாமான் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு பிசைகிறது.

ஆகவே, மீனா, இன்சூரன்ஸ் எடு. எடுக்கும்போது என்ன வகை என்று கேள். ஏ, பி, சி என்று மூன்று விதமான நிபந்தனைகள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. மிகக் குறைந்த காப்புள்ள 'சி'-யில்கூட ஜெனரல் ஆவரேஜ் பங்கு அடங்கிவிடும். ஆனால் அலை அடித்துக் கன்டெய்னர் கடலில் போனால் 'சி' கைகொடுக்காது. 2020 நவம்பர் 30-ம் தேதி பசிபிக்கில் ஒன் ஏபஸ் என்ற கப்பலிலிருந்து ஒரே புயலில் 1,800-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் விழுந்தன. நம்முடையதை மேல்தளத்தில் வைப்பார்களா, உள்ளே வைப்பார்களா என்பது நம் கையில் இல்லை. அதனால் 'ஏ' கேள். இன்னொன்று: நீயே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் தரமாட்டோம் என்று பல பாலிசிகளில் இருக்கும். ஹாஸ்டலில் நடந்த அந்தக் கயிற்று விவகாரத்துக்குப் பிறகு, நீ பெட்டி கட்டுகிறாய் என்றாலே எனக்கு வார்டன் முகம்தான் ஞாபகம் வருகிறது. கண்ணாடி, பீங்கானை மட்டுமாவது அவர்கள் ஆட்களைக் கட்டச் சொல். தயவுசெய்து.

பட்டியல் எழுதுவதில் நீ கெட்டிக்காரி, அதனால் அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். ஒன்றே ஒன்று. 'வீட்டுச் சாமான், ஒரு கன்டெய்னர்' என்று பில் ஆஃப் லேடிங்கில் எழுத விடாதே. 'அட்டைப் பெட்டி 64, மரப்பெட்டி 3' என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல். கப்பல் கம்பெனி பொறுப்பேற்கும் உச்சவரம்பைப் பல நாடுகளில் சிப்பக் கணக்கிலோ எடைக் கணக்கிலோ பார்க்கிறார்கள். எண்ணிக்கை எழுதாவிட்டால் உன் முழுக் குடித்தனமும் ஒரே சிப்பம் ஆகிவிடும். சாமான் வந்து சேர்ந்ததும் திறந்து பார்க்காமல் மூலையில் அடுக்கிவைக்காதே. வெளியே தெரியாத சேதம் என்றால் எழுத்தில் தெரிவிக்கப் பல நாடுகளில் மூன்று நாள்தான். வழக்குக்கு ஒரு வருஷம்.

மரப்பெட்டி என்றதும் நினைவு வருகிறது. அந்த மரத்தில் கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரையும் எச்.டி. என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிடு. மரத்தின் உள்பாகம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க ஏற்பாடு. முத்திரை இல்லாத பச்சை மரத்தில் கட்டினால் அந்தப் பக்கத்துச் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எங்கள் கன்டெய்னரைத் திறந்த நாளைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முடியாது. தாழ்ப்பாளைத் தூக்கியதும் ஈரச்சாக்கு நாற்றம் அடித்தது. வெளியே இருந்து ஒரு சொட்டுக் கடல் நீர் உள்ளே வரவில்லை. பகலில் சூடாகி, அட்டையும் மரமும் விடும் ஈரம் மேலே போய், இரவில் குளிர்ந்த தகரக் கூரையில் படிந்து மழை போலச் சொட்டுமாம். கன்டெய்னர் மழை என்றே அதற்குப் பெயர். ஏழு வாரம் கூடுதலாக நின்றதில் எங்கள் சாமான்மேல் அது பெய்துகொண்டே இருந்திருக்கிறது.

அம்மாவின் தையல் மிஷின் மேலடுக்கில் இருந்தது. உனக்குத் தெரியும் அந்த மிஷின்; நம் இருவருக்கும் ஆண்டுவிழாப் பாவாடை அதில்தான் தைத்தாள். மர மூடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. ஊசித் தகட்டில் துரு ஏறி, சக்கரம் அசையவில்லை. சின்ன இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே தேய்ந்த சாக்கட்டி, பாபினில் பாதி சுற்றிய நீல நூல். நூல் மட்டும் அப்படியே இருந்தது. அம்மா கடைசியாகச் சுற்றி நிறுத்திய இடத்தில் அதன் நுனி மடங்கிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து, மூன்று மாதத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நூலை இன்னும் தொடவில்லை.

உன்னுடையது முழுக் கன்டெய்னர் என்று அக்கா சொன்னார். ரொம்ப நல்லது; யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஏற்றுகிற அன்று நீயே போ. காலிக் கன்டெய்னருக்குள் நின்று கதவை மூடச் சொல். பக்கச் சுவரில் மேலே இருக்கும் சின்னக் காற்றுத் துளைகளைத் தவிர வேறெங்காவது வெளிச்சம் ஊசிமுனையாய்த் தெரிந்தால், வேறு கன்டெய்னர் கேள். கதவு ரப்பரைக் கையால் தடவிப் பார். தரை ஈரமாக இருந்தால் ஒப்புக்கொள்ளாதே. ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளை நிறையத் தொங்கவிடு. கனமானவை கீழே, எடை இரு பக்கமும் சமமாக. இடைவெளி விடாமல் அடைத்துக் கட்டச் சொல். கடல் கொந்தளித்தால் கப்பல் தொட்டில் மாதிரி ஆடும். அப்பாவின் புத்தகங்களை மேலடுக்கில் வைக்க விட்டால் உன்னோடு பேசமாட்டேன்.

இவ்வளவு சொன்னதால் கன்டெய்னர்மேல் எனக்கு வெறுப்பு என்று நினைக்காதே. 1956 ஏப்ரல் 26-ம் தேதி மால்கம் மெக்லீன் என்ற லாரிக்காரர் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் ஆள் தோளிலும் வலையிலும் ஏறி இறங்க வேண்டும்; உன்னையும் என்னையும் போன்றவர்கள் ஒரு குடித்தனத்தை அப்படியே கடல் தாண்டி அனுப்ப முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள்? உன் அம்மா வைத்த இடத்தில் இருந்த கண்ணாடி பீரோ இன்னொரு கண்டத்தில் உன் பேத்திக்கு நிற்கப்போகிறது. அது சின்ன விஷயமே இல்லை.

கதவை மூடி சீல் போட்டதும் சீல் எண்ணைப் படம் எடுத்துக்கொள். கதவில் இருக்கும் கன்டெய்னர் எண்ணையும் எடு: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். முன்னால் உள்ளதில் ஒன்றைத் தப்பாக எழுதினால் பெரும்பாலும் அந்தக் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு எண்களையும் எனக்கும் அனுப்பு. கப்பல் எங்கே போகிறது என்று நானும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்சூரன்ஸ்காரரிடம் பேசிவிட்டாய் என்று வியாழக்கிழமைக்குள் ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் ராணி அக்காவை உன் வீட்டுக்கே அனுப்பிவிடுவேன். அவர் வந்தால் எத்தனை மணி நேரம் உட்காருவார் என்று உனக்குத் தெரியும்.

உன்,
கல்யாணி