வரிய ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்க

மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் பாக்குறவங்களுக்கும் வணக்கம். சின்ன ஊருல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், நேர்ல வந்து சொன்னா அவன் யாரு ஆளு, யாரு தூண்டிவிட்டான்னு பேச்சு வேற பக்கம் போயிடும், அதான் நாலு பேரு பாக்க எழுதிடுறேன்.

வீட்டு வரி ஏத்தப் போறதா பேச்சு அடிபடுது. ஏத்தக்கூடாதுன்னு சொல்ல வரல. சம்பளம் ஏறுது, கரண்ட் பில் ஏறுது, சிமெண்ட் ஏறுது, வரி மட்டும் அப்படியே நிக்கணும்னா எப்படி? ஓட்டுக்குப் பயந்து பத்து வருஷம் கை வைக்காம விட்டுட்டு ஒரே நாள்ல டபுள் ஆக்குறதுக்கு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனா யாருக்கும் வலிக்காது. நான் கேக்க வந்தது வேற: இருக்கிற பொதுக் கட்டடங்கள கட்டிக் காக்க அதுல எவ்ளோ போகும்?

நூலகத்துல பேப்பர் படிக்கிற மேஜைக்கு நேர் மேல, சீலிங் மூலையில டீக்கறை மாதிரி ஒரு வட்டம் இருந்துச்சு. மொத மழைக்கு தட்டு சைஸ், அடுத்த மழைக்கு தாம்பாளம் சைஸ். கம்ப்ளைண்ட் குடுத்தோம், ஆள் வந்துச்சு, கறை மேல வெள்ளையடிச்சிட்டுப் போயிடுச்சு! மறுபடியும் அதே எடத்துல கறை வந்ததும் பொறுக்க மாட்டாம நானே ஏணி போட்டு மேல ஏறினேன். கணுக்கால் அளவு தண்ணி. தண்ணி எறங்குற குழாய் வாயில காஞ்ச இலை, பிளாஸ்டிக் கவர், நடுவுல சிக்கின ஒரு இறகுப் பந்து. கைய விட்டு இழுத்தேன், குபுகுபுன்னு எறங்கிடுச்சு. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஆனா கைப்பிடிச் சுவர் விரிசல்ல ஒரு அரசங்கன்னு முழ உயரத்துக்கு நிக்குது, அத என்னால புடுங்க முடியல, வேர் உள்ள போயிடுச்சு.

இதுல என்ன பெரிய விஷயம்னு நெனைக்காதீங்க. புது கான்கிரீட்டுக்கு ஒரு காரத்தன்மை இருக்கு, அதுதான் உள்ள இருக்கிற கம்பிய துருப்பிடிக்காம காப்பாத்துது. காத்துல இருக்கிற கரியமில வாயு உள்ள போகப் போக அந்தக் காப்பு கொறஞ்சுகிட்டே வரும், கூடவே தண்ணியும் எறங்குனா கம்பி துருப்பிடிக்க ஆரம்பிச்சிடும். துருன்னா இரும்பு தேயுறது மட்டும் இல்ல, பழைய இரும்பவிட ரெண்டு மடங்குலேர்ந்து ஆறு மடங்கு வரைக்கும் எடம் கேக்கும், உள்ளேர்ந்தே நெட்டித் தள்ளி கான்கிரீட்ட பொளந்துடும். பூச்சு உதிர்ந்து கம்பி பல்லக் காட்டுதுன்னா அது வயசான கட்டடம்னு அர்த்தமில்ல, கவனிக்காத கட்டடம்னு அர்த்தம். அதுக்கு மேல பெயின்ட் அடிக்கிறது காய்ச்சக்காரனுக்கு பவுடர் போட்ட கதை.

டி சிட்டர்னு நெதர்லாந்து இஞ்சினியர் ஒருத்தர் 1980கள்ல இதுக்கு ஒரு தோராயக் கணக்கு சொன்னாரு. கட்டும்போது 1 ரூபாய் செலவு பண்ணி சரியா செய்ய வேண்டியத விட்டா பராமரிப்புல 5, அதையும் விட்டா ரிப்பேர்ல 25, அதையும் விட்டா 125. துல்லியமான கணக்கு இல்லதான், ஆனா போற திசை சரி. அமெரிக்காவுல தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 1990லயே சொல்லிடுச்சு, பொதுக் கட்டடங்கள இன்னைக்கு மறுபடி கட்ட என்ன ஆகுமோ அதுல வருஷத்துக்கு 2லேர்ந்து 4 சதவீதம் வழக்கமான பராமரிப்புக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்கணும்னு. உங்க பட்ஜெட்ல பராமரிப்புக்கு ஒதுக்குனது எவ்ளோன்னு கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன். பல ஊருல பணம் பத்தலன்னா மொதல்ல வெட்டுப்படுறது அதுதான், ஏன்னா வெட்டுனா அந்த வருஷம் யாருக்கும் ஒன்னும் தெரியாது. கணக்குல மிச்சம்னு காட்டும். மிச்சமா அது? தளத்து மேல வட்டி ஏறிட்டே இருக்கிற கடன்.

எனக்கு உங்க கஷ்டமும் புரியுது. புதுசா கட்ட மேலேர்ந்து மானியம் வரும், திறப்பு விழா, ரிப்பன், கல்வெட்டுல பேரு. குழாய் வாயில இலை அள்ளுனதுக்கு எவனாவது கல்வெட்டு வைப்பானா? கட்டுறது மானியத்துல, கட்டிக் காக்குறது நம்ம வரியில. அதனால அடுத்து ஏதாவது புதுக் கட்டடத்துக்குத் தீர்மானம் வந்துச்சுன்னா வருஷத்துக்கு இத பராமரிக்க எவ்ளோ, அது எங்கேர்ந்து வரும்னு அதே தாள்ல எழுதச் சொல்லுங்க. எழுத முடியலன்னா கையத் தூக்காதீங்க.

கூரை விஷயத்துல அசந்தா என்ன ஆகும்னு ஒன்னு சொல்றேன். பிரிட்டன்ல 1950கள்லேர்ந்து ஒரு லேசான கான்கிரீட் பலகைய வச்சு பள்ளிக்கூடத்துக் கூரையெல்லாம் போட்டாங்க. 2018ல அப்படிப் போட்ட ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை விழுந்துச்சு, லீவு நாளா இருந்ததால புள்ளைங்க தப்பிச்சுது. 2023ல ஸ்கூல் தொறக்க சில நாள் இருக்கும்போது நூத்துக்கும் மேல பள்ளிக்கூடங்கள்ல அந்தப் பலகை இருக்கிற கட்டடத்த மூடச் சொல்ல வேண்டியதாயிடுச்சு. பணக்கார நாட்டுக்கே இந்த கதி.

வரி பாக்கி விஷயமும் இருக்கு, அத ரெண்டு வார்த்தையில முடிச்சுக்கிறேன். ஏற்கெனவே கட்டுறவன்கிட்டயே மேல மேல கேக்காம, மாடி எழுப்பியும் பழைய அளவுக்கே வரி கட்டிட்டு இருக்கிற வீடுகளயும் பெரிய பாக்கிகளயும் மொதல்ல பாருங்க. அப்புறம் வரி நோட்டீஸ் பின்பக்கம் காலியாத்தானே கெடக்கு? எந்தக் கட்டடத்துக்கு போன வருஷம் எவ்ளோ செலவாச்சு, எது ஒழுகுது, எது எப்ப சரியாகும்னு அதுல அடிச்சுக் குடுங்க. யாரும் போகாத பழைய கட்டடம் இருந்தா மூடுறதா விக்குறதான்னு பேசி முடிவு பண்ணுங்க, எல்லாத்தையும் அரைகுறையா வச்சிருக்கிறதுல லாபம் இல்ல.

வரி தீர்மானத்துக்குக் கூட்டம் போடுற அன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடுங்க, எல்லாருமா நூலகத்து மாடிக்குப் போயிட்டு வரலாம். அந்த அரசங்கன்ன வெட்ட ஒரு ஆளையும் கூட்டிட்டு வாங்க. ஏணி பின்பக்கச் சுவத்துல சாத்தியிருக்கு, மூணாவது படி ஆடும், பாத்து ஏறுங்க.