கூலிக்கு ஒரு போர்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் சைக்கிள் கடைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆன்லைனில் வாங்குகிறவர்களால்தான் ஊர்க் கடைகள் படுத்துவிட்டன என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். அந்தக் குற்றவாளிகளில் நானும் ஒருவன், அதனால்தான் இந்தக் கடிதம். எனக்குக் குன்னூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பர்லியார் வரை இறங்கி, சீசன் என்றால் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஏறி வீடு வந்து சேருவேன்.

மழைக்கு முன்னால் டிஸ்க் பிரேக்குக்குப் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் சின்னக் கட்டை) மாற்ற வேண்டியிருந்தது. கடையில் 600 ரூபாய் சொன்னார்கள், போனில் பார்த்தால் 350. அதுவும் மெட்டல் பேட், சேற்றிலும் ஈரத்திலும் சீக்கிரம் தேயாது. வாங்கிவிட்டேன். மாட்டத் தெரியாமல் அதே கடைக்கே கொண்டுபோனேன், வெட்கமாகத்தான் இருந்தது. கடைக்கார அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டைத் திருப்பிப் பார்த்தார், சக்கரத்தை மெதுவாகச் சுற்றி டிஸ்க்கை ஒரு துணியால் துடைத்தார், "இதைப் படிங்க தம்பி" என்றார். பொடி எழுத்தில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருந்தது, அதாவது பிசின் கலவையில் செய்த மெதுவான பேட் மட்டும்தான் போடலாம். மூன்று வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. விலை குறைந்த டிஸ்க்கின் இரும்பு மெட்டல் பேட்டைத் தாங்காதாம், பேட் தேயாமல் டிஸ்க் தேய்ந்துபோகுமாம்.

கீழே சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. இங்கே அப்படியா? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 35 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம், நடுவில் 14 கொண்டை ஊசி வளைவு. மலை ரயிலே கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது, நம்மிடம் இருப்பது சக்கரத்துக்குக் கட்டைவிரல் அகலத்தில் இரண்டு பேட். கடைசியில் ரெசின் பேட்டே போட்டுக்கொண்டேன். புதுப் பேட்டோடு நேராக இறக்கத்தில் போகாதீங்க, சமமான ரோட்டில் வேகமெடுத்து, நிற்கிற அளவுக்குப் பிடித்துப் பிடித்து, ஒரு இருபது தடவை பழக்கிவிட்டு அப்புறம் இறங்குங்க என்று சொல்லி அனுப்பினார். போனில் ஆர்டர் போட்டபோது இதை எனக்கு யார் சொன்னார்கள்?

அதற்காகக் கடைகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நான் தயாரில்லை. 29 இஞ்ச் சக்கரத்துக்கு மெல்லிய வால்வு டியூப் கேட்டால் "கோயம்புத்தூரிலிருந்து வரணும், அடுத்த வாரம்" என்பார்கள், அந்த அடுத்த வாரம் வரவே வராது. சில கடைகளில் கியர் சைக்கிள் என்றாலே முகம் சுருங்கும். கிளவுஸ், லைட், பாட்டில் மாதிரி சாமான்களை நான் இனியும் ஆன்லைனில்தான் வாங்குவேன். (என்ன, கீழே சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் தடை என்று தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், இந்தப் பார்சல்களோடு மலையேறும் பிளாஸ்டிக்கை யாரும் கேட்பதில்லை. அது தனிக் கடிதம்.)

நான் சொல்ல வந்தது கூலியைப் பற்றி. அன்று முக்கால் மணி நேரம் வேலை பார்த்தார், பின் சக்கரத்துக் கோட்டமும் எடுத்துக் கொடுத்தார், கேட்டது 100 ரூபாய். எனக்கு முன்னால் நின்றவர் 60 ரூபாயை 40 ஆக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தார், நானும் முன்பு அப்படிப் பேசியவன்தான். ஆன்லைனில் டெலிவரிக்கு 50, இன்னொன்றுக்கு 10 என்று பிடித்தால் வாயைத் திறக்காமல் கட்டுகிறோம். கைவேலைக்குச் சரியான கூலி வராததால்தான் கடைக்காரர் அதைச் சாமான் விலையில் ஏற்றுகிறார், அந்த விலையைப் பார்த்துத்தான் நாம் ஆன்லைனுக்கு ஓடுகிறோம். அதற்குக் கடை வாசலில் ஒரு போர்டு போதும்: பேட் மாட்ட இவ்வளவு, கோட்டம் எடுக்க இவ்வளவு, வெளியில் வாங்கிய சாமான் என்றால் இவ்வளவு. சாமானை எங்கே வாங்கினாலும் சரி, வேலைக்கு உண்டான காசை வாங்கட்டும்.

அண்ணனிடமும் சொல்லிப் பார்த்தேன். "போர்டு வெச்சா இருக்கிற நாலு பேரும் வரமாட்டாங்க" என்று சிரிக்கிறார். உங்கள் வாசகர்களில் கடை வைத்திருப்பவர் யாராவது இப்படிப் போர்டு வைத்துப் பார்த்திருந்தால், ஆட்கள் வந்தார்களா போனார்களா என்று எழுதச் சொல்லுங்கள், அவரிடம் காட்ட வேண்டும். அந்த மெட்டல் பேட் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது, திருப்பி அனுப்பும் தேதி தாண்டிவிட்டது.

அன்புடன்,
ஒரு வாசகர், குன்னூர்