உறையிலேயே தங்கிவிட்ட படங்கள்

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படங்களை போனில் பார்த்தேன். மனசு ஆறாமல் காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரில் பெரிதாக வைத்து மறுபடி பார்த்தேன். இரண்டு மாதத்தில் ஒன்பது ஊர், முப்பது ஷூட்டுக்கு மேல் என்கிறாய். நீ ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது உன் குரலிலேயே தெரிகிறது, ஆனால் சந்தோஷமாக இருக்கிறாய் என்பதும் தெரிகிறது. கையில் எடுத்ததெல்லாம் படமாக வரும் இந்த மாதிரி ஒரு காலம், நீ பிறப்பதற்கு முன்னால் அப்பாவுக்கும் வந்தது. வந்த மாதிரியே ஒருநாள் போயும் விட்டது. அதனால் உடம்பைப் பார்த்துக்கொள், மெதுவாகப் போ என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஓட முடிகிறபோது ஓடு.

ஆனால் அந்தக் கடற்கரைப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஒரு பெண் நிற்கிறாள், சிவப்புத் துணி காற்றில் பறக்கிறதே, அது. சூரியன் அப்போதுதான் மேலே வருகிறது, வெளிச்சம் பக்கவாட்டில் படுத்து வந்து துணிக்குள் புகுந்து வெளியே வருகிறது, அப்பா இருந்திருந்தால் எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்திருப்பார். ஆனால் அந்தப் பெண்ணின் தோள்களைப் பார்த்தாயா? காதை நோக்கி ஏறியிருக்கின்றன. நாற்பது நிமிஷம் ஈரக் காற்றில் நின்றாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். குளிர் முதலில் தோளிலும் விரலிலும்தான் தெரியும், அப்புறம்தான் சிரிப்பு இறுகும், அதற்குப் பிறகு நீ எத்தனை படம் எடுத்தாலும் எல்லாம் குளிரின் படம்தான். அடுத்த தடவை லென்ஸை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு கனமான சால்வையை எடுத்து வை. நீ வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறபோது அவள் சால்வைக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று. அவள் முகத்தில் நீ செய்த வேலை. நான் அப்பாவின் ஸ்டூடியோவில் பதினாறு வருஷம் டச்சிங், அதாவது படத்தில் முகத்தைத் திருத்துகிற வேலை, பார்த்தவள், என் கண்ணுக்குத் தப்புமா? உனக்கு அந்த வேலை எப்படி நடந்தது என்று சரியாகத் தெரியாது, நீ பார்க்கிற வயதுக்கு வருவதற்குள் அது முடிந்துவிட்டது. பெரிய நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, பென்சில் பிடிப்பதற்காக மேலே ஒரு மருந்தைத் தடவி, முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிக்கொண்டு, சின்னச் சின்னப் புள்ளியாக வைக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும், அந்த வெளுப்பைப் பென்சிலால் கொஞ்சம் நிரப்பினால் பிரிண்டில் கருமை குறையும். கொஞ்சம்தான். அதிகமானால் முகம் மாவு பூசின மாதிரி ஆகிவிடும், மருந்தைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதனாலேயே எதைத் தொடலாம் எதை விடலாம் என்று யோசிப்போம். பரு போனால் போகட்டும், அது அடுத்த வாரம் தானாகவே போய்விடும். தழும்பும் மச்சமும் கேட்காமல் தொடக்கூடாது. உனக்குக் கம்ப்யூட்டரில் ஒரு தேய்ப்பில் எல்லாம் போய்விடுகிறது, அதுதான் பிரச்சினை. போன மாதம் அனுப்பிய படங்களையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், மூன்று ஊர்ப் பெண்களுக்கும் ஒரே தோல்.

ரிச்சர்ட் அவெடான் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார், நினைவிருக்கிறதா? ஃபேஷன் படங்களில் பேர் வாங்கின அந்த மனிதர் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஊர் ஊராகச் சுற்றி, சுரங்கத் தொழிலாளி, லாரி ஓட்டுகிறவர், வேலையில்லாமல் அலைகிறவர் என்று 752 பேரை எடுத்தார். பின்னால் வெள்ளைக் காகிதம், நிழலில் நிற்க வைப்பார், பத்து அங்குலத்துக்கு எட்டு அங்குலப் பெரிய பிலிம், மொத்தம் 17,000 தாள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான் வருகிறது. நீ அந்தக் கடற்கரையில் ஒருத்தியை மட்டும் 1,400 எடுத்திருக்கிறாய். எண்ணிக்கைக்காகத் திட்டவில்லை, உனக்குப் பிலிம் செலவு கிடையாது. எனக்கு இதில் பிடித்தது வேறு. அவர் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டாராம், பக்கத்திலேயே நின்று எதிரே இருக்கிறவரை நேராகப் பார்த்துக்கொண்டுதான் எடுப்பாராம். உனக்கு ஒவ்வொரு படத்துக்கும் திரையைக் குனிந்து பார்க்கிற பழக்கம் இருக்கிறது. நீ குனிகிற அந்த நேரத்தில் அவள் என்ன செய்வாள்? நான் நன்றாக இல்லையோ என்று நினைத்துக்கொண்டு நிற்பாள்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். முப்பது ஷூட்டில் பாதி பணம் வாங்காமல், அவர்கள் நிற்பதற்குப் பதிலாகப் படம் தருகிறேன் என்று பேசி எடுத்தவை என்று சொன்னாய். அவர்களில் எத்தனை பேருக்குப் படம் போயிருக்கிறது? "எடிட்டிங் பாக்கி இருக்கிறதம்மா, ஊர் சுற்றி முடித்துவிட்டு உட்காருவேன்" என்றாய். அப்பாவும் இதையேதான் சொன்னார். ஸ்டூடியோவை மூடும்போது அலமாரிக்கு மேலே ஒரு பெட்டி கிடைத்தது, நிறைய உறை, ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெயர். ஊர் ஊராகப் போய் எடுத்த நாட்களில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த படங்கள். ஒரு உறையில் ஒரு பெண், நாடகத்தில் சேர ஆசைப்பட்டவள், படம் கிடைத்தால் காட்டி வாய்ப்புக் கேட்பேன் என்று அப்பாவிடம் சொன்னாளாம். அவள் முகத்துக்கு டச்சிங் செய்தவள் நான்தான், மூக்கின் பக்கத்தில் இருந்த சின்ன வெட்டுத் தழும்பைத் தொடாமல் விட்டேன், அது அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பிரிண்டும் போட்டாயிற்று, உறையில் வைத்தாயிற்று, முகவரி எழுதிய தாள்தான் எங்கேயோ போய்விட்டது. அப்பா கடைசி வரை அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட விடவில்லை, திறந்து பார்க்கவும் மாட்டார்.

உனக்கு முகவரி தேடுகிற கஷ்டம்கூட இல்லையே. அடுத்த ஊருக்கு பஸ்ஸோ ரயிலோ ஏறுவதற்கு முன்னால், எடுத்த ஆளுக்குப் பத்துப் படமாவது போய்ச் சேரட்டும். முழுசாக மெருகேற்றியதாக இருக்க வேண்டியதில்லை. படத்தை எங்கே பயன்படுத்தலாம் என்கிற கையெழுத்துத் தாளை ஷூட்டுக்கு முன்னாலேயே வாங்குகிறாய்தானே, அதிலேயே எந்தத் தேதிக்குள் படம் தருவாய் என்றும் எழுதிவிடு, அப்போது உனக்கே பயம் இருக்கும். துணையாக யாரையாவது கூட்டி வரட்டுமா என்று எந்தப் பெண் கேட்டாலும் முகம் சுளிக்காதே. உண்மையில் அவள் கேட்பதற்கு முன்னால் நீ சொல்லிவிட வேண்டும். கையை எப்படி வைக்க வேண்டும் என்பதை நீ செய்து காட்டு, தொட்டுத் திருத்தாதே.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். கார்டை அழிப்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் நகல், அந்த இரண்டும் ஒரே பையில் இருக்கக்கூடாது. விமானத்தில் போனால் உதிரி பேட்டரியைக் கையோடு வைத்துக்கொள், பெட்டியில் போட விட மாட்டார்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு ஓடாதே, கேமரா பைக்குள்ளேயே அரை மணி நேரம் கிடந்து சூடேறட்டும், இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துப்போய் நல்ல வெளிச்சமெல்லாம் துடைப்பதிலேயே போய்விடும். போன வருஷம் அப்படித்தான் ஒரு காலைப்பொழுது போயிற்று என்று என்னிடம் புலம்பினாய்.

சிவப்புத் துணிப் படத்தை நீ கைவைப்பதற்கு முன்னால் இருந்தபடியே எனக்கு அனுப்பு. வலது புருவத்துக்கு மேலே ஏதோ ஒரு கோடு இருந்த மாதிரித் தெரிகிறது, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு நாளைக்கு அனுப்பினால் போதும். அவளுக்கு இன்றைக்கே அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா